உவெல்வாவுக்கு ஒரு டிக்கெட், வழி: மாரிக்குப்பம்

நாலு பேர் சேர்ந்து டூருக்கு ப்ளான் போட்டா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததில்லை. முதல் நாள் ஒரு வாட்ஸ்அப் குழு. ரெண்டாம் நாள் ஒரு எக்ஸெல் ஷீட். மூணாவது வாரம் ஒரு சண்டை. கடைசியில எல்லாரும் ஏலகிரிக்குப் போய் போட்டோ எடுத்துக்கிட்டு திரும்பி வந்துடுவோம். :-)

எங்க ப்ளானும் அந்த ரகம்தான். ஆனா இதுக்கு ஒரு பிறந்தநாள் இருக்கு. 2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக் கடைசி மேட்ச். ஜெயிச்சா கோப்பை. நாங்க நாலு பேரும் அப்ப இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிவ்யூவை ஓரங்கட்டிட்டு கேலரியில தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருந்தோம். முதல்ல கோல் வாங்கி, வயித்துல புளியைக் கரைச்சு, அப்புறம் 3-1னு ஜெயிச்சாங்க. அந்த அணியோட முதுகெலும்பே ஸ்பெயின்ல இருந்து வந்த ஆட்டக்காரங்கதான். பெத்ரோ மான்ஸி அந்த ஒரே சீசன்ல 21 கோல் போட்டிருந்தார். நெஸ்டர், சாண்ட்ரோ ரெண்டு பேரும் நடுவுல பந்தை வெச்சுக்கிட்டு பரதநாட்டியம் ஆடுவாங்க.

அன்னிக்கு ராத்திரி காந்திபுரத்துல புரோட்டா தின்னுக்கிட்டே ஒரு சபதம். "வேலை கிடைச்சதும் இவங்க ஊருக்கு ஒருமுறை போறோம்டா."

வேலை கிடைச்சது. கொரோனா வந்து ரெண்டு வருஷத்தைத் தின்னது. ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆச்சு. ஆணி பிடுங்குற வேலையில மத்த வருஷங்களும் ஓடிப்போச்சு. இப்பத்தான் எக்ஸெல் ஷீட்டைத் தூசி தட்டியிருக்கோம்.

விதிகள் ரெண்டே ரெண்டு. ஊர் கடலோரமா இருக்கணும். அங்க கால்பந்து இருக்கணும். குழுவுல ஒருத்தன் பார்சா வெறியன், அவனுக்கு இந்த ரெண்டு விதியும் பார்சிலோனான்னுதான் காதுல விழும். இன்னொருத்தன் கணக்குப்பிள்ளை, எக்ஸெல் அவன் கையில. மூணாமவனுக்கு மணலும் குடையும் இருந்தா போதும், வலென்சியான்னு கை தூக்கினான். நாலாவது ஆள் நான். நான் சொன்ன ஊர் உவெல்வா.

"அது எந்த நாட்டுலடா இருக்கு?" இதுதான் முதல் பதில். ரெண்டாவது பதில் ஒரு ஸ்மைலி. அதைப் பத்தி இங்க எழுத வேணாம்.

கேள்வி நியாயமானதுதான். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர். விமான நிலையம் கிடையாது. செவில்லா நகரத்துல இறங்கி மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போகணும். பேரை உச்சரிக்கவே பாதிப் பேருக்கு வராது (முன்னால இருக்கிற 'ஹ' ஊமை, அதனால உவெல்வா). அப்புறம் ஏன்?

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம, ஸ்பெயின் கிளப்புகள் எந்தெந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு நோண்டிக்கிட்டிருந்தேன். வலென்சியா 1919. ரியல் மாட்ரிட் 1902. பார்சிலோனா 1899, ஜோன் காம்பர்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் ஆட்கள் தேவைன்னு பத்திரிகையில விளம்பரம் கொடுத்து ஆரம்பிச்சது. சரி, இவங்களுக்கெல்லாம் அண்ணன் யாருன்னு பார்த்தா, 1889 டிசம்பர் 23, உவெல்வா ரெக்ரியேஷன் கிளப். இன்னிக்குப் பேர் ரெக்ரியாடிவோ தே உவெல்வா. நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை. ஸ்பெயின்ல இவங்களுக்குப் பட்டப்பேரே 'எல் டெகானோ', அதாவது மூத்தவர். நம்ம பாஷையில பெரியவர்.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம ஊர் மோகன் பகான் ஆரம்பிச்சது 1889 ஆகஸ்ட் 15. அதாவது ஸ்பெயினோட பெரியவரை விட நம்ம கல்கத்தாக்காரர் நாலு மாசம் மூத்தவர். சிம்லாவுல டூரண்ட் கோப்பை ஆரம்பிச்சது 1888, அது இன்னும் ஒரு வருஷம் முன்னால. அடுத்த தடவை யாராவது "இந்தியாவுக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டா இதை எடுத்து விடுங்க.

பெரியவர் பிறந்த கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

உவெல்வாவுல இருந்து உள்ளே எழுபது கிலோமீட்டர் போனா ரியோ டிண்டோன்னு ஒரு சுரங்கப் பகுதி. தாமிரமும் கந்தகமும் கலந்த மலை. அதுல இருந்து வர்ற ஆத்துக்கும் அதே பேர், தண்ணி நிஜமாவே செக்கச்செவேல்னு இருக்கும். ரோமானியர் காலத்துல இருந்தே தோண்டின இடம். 1873ல் ஸ்பெயின் அரசாங்கம் பணமுடையில அந்த மலையையே ஒரு பிரிட்டிஷ் கூட்டணிக்கு வித்துருச்சு. அப்படிப் பிறந்ததுதான் ரியோ டிண்டோ கம்பெனி. உலகச் சுரங்கத் தொழில்ல இன்னிக்கும் பெரிய பேர்.

கம்பெனி வந்ததும் இன்ஜினியர், கணக்கர், மருத்துவர்னு ஒரு குட்டி இங்கிலாந்தே வந்து இறங்கிச்சு. மலையில பெல்லா விஸ்டான்னு சுத்துச்சுவர் வெச்ச ஒரு குடியிருப்பு, உள்ளே இங்கிலீஷ் பாணி வீடுகள், கிளப், டென்னிஸ். வாசல்ல காவல். ஸ்பெயின் பெண்ணைக் கட்டிக்கிட்டவன் அந்தச் சுவருக்கு வெளியே குடிபோகணும். சாயங்காலம் பொழுதுபோக பந்து. அந்தக் கூட்டத்தோட தொடர்ச்சியா, துறைமுக ஊரான உவெல்வாவுல வில்லியம் அலெக்ஸாண்டர் மெக்கேன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டரும் அவரோட சகாக்களும் ஓட்டல் கோலோன்ல கூடி கிளப்பை ஆரம்பிச்சாங்க. 1890 மார்ச் 8 அன்னிக்கு ரயில் ஏறி செவில்லாவுக்குப் போய் அங்க இருந்த அணியோட ஆடினாங்க. ரெண்டு கிளப்புகளுக்கு நடுவுல ஸ்பெயின்ல நடந்த முதல் ஆட்டம்னு அதைத்தான் சொல்றாங்க. செவில்லா 2-0னு ஜெயிச்சது. பெரியவரோட முதல் வெளியூர் பயணமே தோல்வி. :-(

அந்த உவெல்வா அணியில ஸ்பெயின்காரங்க ரெண்டே பேர். மத்த எல்லாரும் பிரிட்டிஷ்காரங்க.

இதுவரைக்கும் படிச்சப்போ ஜாலியாத்தான் இருந்தது. அடுத்த பக்கம் அப்படி இல்லை.

தாமிரம் எடுக்க, தோண்டின கல்லைத் திறந்தவெளியில மலைமலையா குவிச்சு மாசக்கணக்கா எரிப்பாங்க. அதுல இருந்து வர்ற கந்தகப் புகை சுத்துவட்டாரத்துல பயிர் பச்சையைக் கருக்கும். புகை ரொம்ப இறங்கின நாள்ல வேலை நடக்காது, கூலியும் முழுசா வராது. 1888 பிப்ரவரி 4. தொழிலாளிங்க, விவசாயிங்க, பெண்டு பிள்ளைங்க எல்லாரும் ஊர்வலமா வந்து ரியோ டிண்டோ ஊர்ச் சதுக்கத்துல நின்னாங்க. பட்டாளம் சுட்டது. அரசாங்கக் கணக்குல செத்தவங்க 13 பேர். நூத்துக்கு மேலன்னு அந்த ஊர் தலைமுறை தலைமுறையாச் சொல்லிக்கிட்டிருக்கு. அந்த வருஷத்துக்கே 'துப்பாக்கிச் சூட்டு வருஷம்'னு பேர் வெச்சுட்டாங்க.

கிளப் பிறந்தது இது நடந்து இருபத்திரண்டு மாசத்துல.

கிளப் ஆரம்பிச்சவங்கதான் சுட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. டாக்டர் மெக்கே வைத்தியம் பார்த்த மனுஷர், அந்த ஊர் இன்னிக்கும் அவரை மதிக்குது. ஆனா 'ஸ்பெயின்ல கால்பந்து எப்படி வந்தது'ன்னு எழுதுற பக்கங்கள்ல பந்து வரும், கப்பல் வரும், கனவான்கள் வருவாங்க. அந்தச் சதுக்கம் மட்டும் வேற புத்தகத்துல இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே ரயில் பாதை, ரெண்டு வருஷத்துக்கும் குறைவான இடைவெளி, ஆனா ரெண்டு கதையும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிறதே இல்லை.

சரி, இதுக்கும் எனக்கும் என்ன?

எங்க ஊர் கண்ணமங்கலம். வேலூர்ல இருந்து ஆரணி போற வழியில, ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல, நாகநதிக் கரையில இருக்கு. இன்னிக்கு திருவண்ணாமலை மாவட்டம். எங்க தாத்தா காலத்துல வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டுல நூறு வருஷத்துக்கு முன்னால நிலமில்லாதவனுக்கு முன்னால ரெண்டே வழிதான். ஒண்ணு, அப்பன் பட்ட கடனுக்குப் பண்ணையில ஆளா நிக்கிறது. இன்னொண்ணு, மேஸ்திரி கொடுக்கிற முன்பணத்தை வாங்கிக்கிட்டு ரயில் ஏறிடறது. ரயில் போய்ச் சேர்ற இடம் கோலார் தங்கவயல்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்க வந்து தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து, குழிக்குள்ள இறங்கினவங்கள்ல பெரும்பங்கு தமிழங்க. அதுலயும் பெரும்பங்கு வட ஆற்காட்டுச் சேரிகள்ல இருந்து போனவங்க. எங்க முப்பாட்டன் அதுல ஒருத்தர். தாத்தா அங்கேயே, மைன்ஸ் லைன்ல தட்டி வீட்டுல 1938ல் பிறந்தவர். பத்தொன்பது வயசுல குழிக்குள்ள இறங்கி, 1986ல் இருமலோட கண்ணமங்கலத்துக்குத் திரும்பி வந்தவர்.

தாத்தா எனக்குச் சொன்ன கதைகள்ல தங்கம் வந்ததே இல்லை. (கேட்டா, "அதை எங்கடா கண்ணுல காட்னாங்க"ன்னு சிரிப்பார். டன் கணக்குல கல்லை உடைச்சாத்தான் சில கிராம் தேறும்.) அவர் சொன்னதெல்லாம் பந்து. சின்னப் பையனா இருந்தப்போ வெள்ளைக்காரங்க ஆடுற புல்லுத் தரைக்கு 'துரை கிரவுண்டு'ன்னு பேர். பசங்க வேலிக்கு வெளியே நிப்பாங்க. பந்து வேலியைத் தாண்டி வரணும்னு சாமியை வேண்டிக்குவாங்க. வந்தா, அதை உதைச்சு உள்ளே அனுப்புற வாய்ப்பு ஒருத்தனுக்குக் கிடைக்கும். அதுதான் அவங்களுக்குக் கோச்சிங் கேம்ப், அகாடமி எல்லாமே. "ஒரு ஒதைக்கு பத்து பேர் அடிச்சிக்குவோம்டா. நான் ஒதைச்சா நேரா துரை கால்ல போய் வுழும்" அப்படின்னு சொல்லும்போது அந்த இருமல் கொஞ்ச நேரம் நின்னுடும்.

பெரியவனானதும் லைனுக்கு லைன் டீம். புல்லெல்லாம் கிடையாது, ஆலையில இருந்து வந்து கொட்டின சாம்பல் நிற மண் தரைதான். வெறுங்கால். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு மேலே வந்தவன் தூங்கப் போகாம ஆடுவானாம். "கீழ எட்டு மணி நேரம் குனிஞ்சே கெடந்துட்டு வர்றோம். மேல வந்து நிமிந்து ஓடறதுக்கு ஒரு எடம் வாணாமா?" தாத்தா சொன்ன இந்த ஒரு வரியை நான் பத்து வயசுல கேட்டேன். இருபத்தி ஏழு வயசுல, உவெல்வா கதையைப் படிச்ச ராத்திரிதான் அது எனக்குப் புரிஞ்சது.

தங்கவயலையும் உவெல்வாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ரெண்டு இடத்துலயும் லண்டன்ல தலைமையிடம் வெச்ச கம்பெனி. ரெண்டு இடத்துலயும் அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், புல்லுத் தரை. ரெண்டு இடத்துலயும் குழிக்குன்னே போட்ட ரயில் பாதை, இங்க பவுரிங்பேட்டையில இருந்து மாரிக்குப்பம் வரைக்கும், 1894ல் வந்தது. 1902ல் சிவசமுத்திரத்துல இருந்து தங்கவயலுக்குத்தான் முதல்ல கரண்ட் வந்தது. பெங்களூருக்கே 1905லதான். ஆனா தொழிலாளி வீட்டு விளக்கு எரிய எத்தனையோ வருஷம் ஆச்சு. 1930ல் ஆளுங்களோட கைரேகையைப் பதிவு பண்ண கம்பெனி முடிவு பண்ணப்போ மொத்த வயலும் வேலைநிறுத்தத்துல இறங்குச்சு. கைரேகை வாங்குறது திருடனுக்குத்தானேன்னு அவங்க கேட்டாங்க. நான் தினமும் காலையில ஆபீஸ் வாசல்ல விரலை வெச்சுட்டுத்தான் உள்ளே போறேன். ஒரு நாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோணினதில்லை. 1946ல் அங்கேயும் போலீஸ் சுட்டு தொழிலாளிங்க செத்தாங்க.

இதெல்லாம் சும்மா ஒற்றுமை, உலகம் பூரா சுரங்க ஊர் எல்லாம் இப்படித்தான்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், அந்தப் பாலத்தோட கதையைப் படிக்கிற வரைக்கும்.

உவெல்வாவுல பார்க்க வேண்டிய இடங்கள்ல முதல்ல வர்றது 'முவெய்யே தெல் டிண்டோ'. மலையில இருந்து தாதுக்கல்லை ஏத்தி வர்ற ரயில் நேரா கப்பல் வரைக்கும் போறதுக்காக ஓடியேல் ஆத்துமேல கட்டின இரும்புத் துறை. 1876ல் முடிச்சாங்க. அடுக்கடுக்கா சரிவு வெச்சு, நிறைஞ்ச வேகன் இன்ஜின் இல்லாம புவியீர்ப்புலேயே கப்பல் பக்கம் உருண்டு போறமாதிரி வடிவமைச்சிருக்காங்க. 1975 வரைக்கும் வேலை செஞ்சது. இன்னிக்கு ஜனங்க சாயங்காலம் காத்து வாங்க நடக்குற இடம். இன்ஜினியரிங் படிச்சவனுக்குக் கை துறுதுறுக்கும், யார்டா இதை டிசைன் பண்ணதுன்னு தேடினேன். ரெண்டு பேர். அதுல ஒருத்தர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ்.

இந்தப் புரூஸ் உவெல்வாவுக்கு முன்னால எங்க இருந்தார் தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல! 1853ல் இருந்து மெட்ராஸ் ரயில்வேயோட தலைமைப் பொறியாளர். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்னிக்கு ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிச்சே, அந்தப் பாதையைப் போட்டவர். வாலாஜா எங்க வட ஆற்காடுங்க. எங்க ஊர்ல இருந்து பஸ்ல ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். அந்தப் பாதைதான் பிறகு காட்பாடி, ஜோலார்பேட்டைன்னு நீண்டு, பவுரிங்பேட்டை வழியா பெங்களூர் போச்சு. எங்க முப்பாட்டன் கண்ணமங்கலத்தை விட்டு தங்கவயலுக்குப் போனது அந்த நீட்சியிலதான்.

ஆக, எங்க ஊர் ஆளுங்களைக் குழிக்குக் கூட்டிட்டுப் போன பாதையோட தலைமாட்டுல நின்னவரும், ரியோ டிண்டோ தாமிரத்தைக் கப்பலேத்தின துறையைக் கட்டினவரும் ஒரே ஆள். அந்த ராத்திரி மணி ரெண்டரை. லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குழுவுல இதையெல்லாம் டைப் பண்ணி அனுப்பினேன். கணக்குப்பிள்ளை மட்டும் ஒழுங்காப் படிச்சான். "மச்சி, இது டூரா, ஆராய்ச்சிப் படிப்பா?"ன்னு கேட்டுட்டு, ஷீட்ல உவெல்வாவுக்கு ரெண்டு நாள், ரியோ டிண்டோவுக்கு ஒரு நாள் ஒதுக்கினான். நல்லவன்.

இப்போதைய ப்ளான் இது. மாட்ரிட்ல இறங்கி ரயில்ல பார்சிலோனா, மூணு நாள் (வெறியனை விட்டுக்கொடுக்க முடியாது). அங்க இருந்து வலென்சியா, மணல், குடை, 1923ல் திறந்த மெஸ்தாயா ஸ்டேடியம். அப்புறம் செவில்லா வழியா உவெல்வா. அங்க பார்க்கணும்னு நான் எழுதி வெச்சது: கிளப் பிறந்த பழைய ஓட்டல் கட்டடம். இரும்புத் துறை. கம்பெனி தொழிலாளிகளுக்காக 1916ல் கட்ட ஆரம்பிச்ச ரெய்னா விக்டோரியா குடியிருப்பு. மலையில பெல்லா விஸ்டா, பழைய கம்பெனி ஆஸ்பத்திரியில இப்ப இருக்கிற சுரங்க மியூசியம், சுற்றுலாவுக்காக ஓட்டுற குட்டி ரயில். கடைசியா நுவேவோ கொலம்பினோ ஸ்டேடியம், பெரியவரோட மேட்ச் ஒண்ணு. அனுபவசாலிங்க சொன்ன அறிவுரை: ஸ்பெயின்ல மேட்ச் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு சில வாரம் முன்னாலதான் முடிவாகும், அதனால முன்னும் பின்னும் ஒரு நாள் காலியா வெச்சுக்கணும். விசாவுக்கு 90 யூரோ, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், பெரிய பொறுமை.

ஸ்டேடியம் பேர்ல இருக்கிற 'கொலம்பினோ' வேற யாரும் இல்லை, நம்ம கொலம்பஸ்தான். 1492 ஆகஸ்ட் 3 அன்னிக்கு அவர் பாய் விரிச்ச பாலோஸ், உவெல்வாவுக்கு எதிர்க்கரையில அதே டிண்டோ ஆத்து ஓரம் இருக்கு. அவர் தேடிப் போனது இந்தியாவை. அவர் வந்து சேராத இடத்துல இருந்து நாங்க நாலு பேர் அவர் கிளம்பின இடத்தைப் பார்க்கப் போறோம். :-)

பெரியவர் பெரிசா ஒண்ணும் ஜெயிச்சதில்லை. 2003ல் மன்னர் கோப்பை இறுதிப்போட்டி வரைக்கும் வந்து மயோர்காகிட்ட 3-0னு தோத்தாங்க. 2006 டிசம்பர்ல ரியல் மாட்ரிடை அவங்க பெர்னபேவு மைதானத்துலேயே 3-0னு சாத்தினாங்க. அப்புறம் இறங்குமுகம். கடன் கழுத்தை நெரிச்சு 2016ல் கிளப் மூடுற நிலைமைக்கு வந்தப்போ நகராட்சியே கையில எடுத்துச்சு, ஆந்தலூசியா அரசு அதைப் பண்பாட்டுச் சொத்துன்னு அறிவிச்சு காப்பாத்துச்சு. துரைமாருங்க பொழுதுபோக்கா ஆரம்பிச்ச கிளப்பைக் கடைசியில தூக்கி நிறுத்தினது வேலிக்கு வெளியே நின்ன ஜனங்களோட பேரப்பிள்ளைங்க.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு மூடிட்டாங்க. நூத்தி இருபது வருஷம், சுமார் 800 டன் தங்கம், மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். மூடும்போது எனக்கு மூணு வயசு.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட ஸ்பெயின் ப்ளானைச் சொன்னேன். அப்பா தங்கவயல்ல பிறந்து வளர்ந்தவர், ஆனா அந்த ஊரைப் பத்தி வாயே திறக்க மாட்டார். வீட்டுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தாத்தா சொன்னதுதான். உவெல்வா, தாமிரம், புகை, பந்து, புரூஸ் எல்லாம் சொல்லி முடிச்சேன். டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெங்களூர்ல வேலைக்குப் போய் எத்தினி வருஷம் ஆவுது?"

"ஆறு வருஷம்பா."

"மாசம் ஒருவாட்டி ரயில்ல வர்ற. பங்காரப்பேட்டையில வண்டி நிக்குதா இல்லியா?"

நிக்குது. பழைய பவுரிங்பேட்டைக்கு இன்னிக்குப் பேர் பங்காரப்பேட்டை. அங்க இறங்கி வண்டி மாறினா மாரிக்குப்பம் அரைமணி நேரம். ஆறு வருஷத்துல நான் ஒருமுறை கூட இறங்கினதில்லை. ஜன்னல் வழியா வடை வாங்கியிருக்கேன். அவ்ளோதான்.

நான் பதில் சொல்லலை. அப்பா உள்ளே போய் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பித்தளைப் பில்லையைக் கொண்டுவந்து என் கையில வெச்சார். தாத்தாவோடது. ஒரு ஓட்டை, ஒரு நம்பர், பேர் கிடையாது. குழிக்குள்ள இறங்கும்போது இதைக் கொடுத்துட்டு இறங்கணும், மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கணும். ஷிஃப்ட் முடிஞ்சும் பலகையில ஒரு பில்லை தொங்கிக்கிட்டிருந்தா, ஒருத்தன் இன்னும் கீழே இருக்கான்னு அர்த்தம்.

"நாங்க ஆறு புள்ளைங்க. சங்கு ஊதினா எங்கம்மா வாசல்ல வந்து நிக்கும். அவரு தெருமுனையில தெரியற வரைக்கும் அடுப்பு பத்த வெக்காது. சில நாளு அவரு நேரா பந்தாடப் போயிடுவாரு. அது இங்க நின்னுக்கினே இருக்கும்." இவ்வளவுதான் சொன்னார். என் அப்பா தங்கவயலைப் பத்தி என்கிட்ட சேர்ந்தாப்ல பேசினது அதுதான் முதல் தடவை. தாத்தா எனக்குச் சொன்ன பந்துக் கதைகள்ல வாசல்ல நின்ன பாட்டி ஒரு நாளும் வந்ததில்லை.

அந்தச் சதுக்கம் ஏன் கால்பந்துப் புத்தகத்துல இல்லைன்னு ஸ்பெயின்காரனைக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தவன் நான். எங்க வீட்டுலயே அதே கதைதான் நடந்திருக்கு.

அதனால ப்ளான்ல ஒரு மாற்றம். வர்ற சனிக்கிழமை அப்பா காட்பாடியில ஏறுறார், நான் பெங்களூர்ல ஏறுறேன். பங்காரப்பேட்டை பிளாட்பாரத்துல சந்திக்கிறோம். அங்க இருந்து மாரிக்குப்பம். அவர் பிறந்த லைன் இன்னும் இருக்கான்னு பார்க்கணும். தாத்தா ஓடின சாம்பல் மண் தரையைப் பார்க்கணும். பாட்டி நின்ன வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு கேட்கணும். பில்லையையும் எடுத்துட்டுப் போறேன். ஸ்பெயின் போகும்போதும் அது பையில இருக்கும். இரும்புத் துறை மேல நின்னு அந்த ஆத்தைப் பார்க்கும்போது கையில வெச்சுக்கணும்னு ஒரு ஆசை, வேற காரணம் எதுவும் இல்லை.

உங்க வீட்டுலயும் தங்கவயலுக்கோ, தேயிலைத் தோட்டத்துக்கோ, பர்மாவுக்கோ போய் வந்த பெரியவங்க யாராவது இருந்தா, அவங்க அங்க என்ன விளையாடினாங்கன்னு கேட்டுப் பாருங்க. கூலி எவ்வளவுன்னு கேட்டா ஒரு வார்த்தையில முடிச்சுடுவாங்க. விளையாட்டைக் கேட்டா மணிக்கணக்கா பேசுவாங்க. அப்படியே அந்த நேரத்துல வீட்டுல யார் காத்துக்கிட்டிருந்தாங்கன்னும் கேளுங்க.

நேத்து ராத்திரி எக்ஸெல் ஷீட்ல பார்சிலோனாவுக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். 'நாள் 0: மாரிக்குப்பம்.' பத்து நிமிஷத்துல கணக்குப்பிள்ளைகிட்ட இருந்து கேள்வி: "மச்சி, இதுல கால்பந்து எங்கடா இருக்கு?"

இன்னும் பதில் போடலை. இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பிடலாம்னு இருக்கேன்.